காலையில் மட்டும் பிடிக்காத ரிவர்ஸ்

பல் டாக்டரின் சிவப்புக் காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். மூன்றாவது ஆள் கூடவே ஓடிவர வேண்டியதுதான் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். தரையை முகர்ந்துகொண்டு போகிற அந்த ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து டாக்டர் இறங்குவதே ஒரு வேடிக்கை. முதலில் ஒரு கை வரும், அப்புறம் வழுக்கைத் தலை வரும், இடுப்பு வருவதற்குள் பார்க்கிறவருக்குப் பொறுமை போய்விடும். பிள்ளைகளையெல்லாம் கரையேற்றிவிட்டுத் தனக்கென்று ஆசைப்பட்டு அந்த மனிதர் வாங்கிய ஒரே பொருள் அதுதான். அதனால் யாரும் மூஞ்சிக்கு நேரே சிரிப்பதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினார். பட்டறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர், "மேஸ்திரி, மறுபடியும் அதேதான்," என்றார்.

உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரியின் மனைவிக்கு அது கேட்டது. சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். அந்தப் பக்கத்து ஆயில் வாசனை இந்தப் பக்கம் வரும், இந்தப் பக்கத்து வெங்காய வாசனை அந்தப் பக்கம் போகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டும் கலந்த காற்றைத்தான் அவள் சுவாசிக்கிறாள். கத்தியை வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

"ரிவர்ஸா டாக்டர்?" என்றார் அவள் புருஷன். ஊருக்கு அவர் மேஸ்திரி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

"ரிவர்ஸேதான். காலைல வண்டிய எடுக்கறேன். ஸ்டார்ட் ஆகுது, ஜம்முனு உறுமுது. ரிவர்ஸ்ல போடறேன். ஒண்ணுமே இல்ல. செவிடன் காதுல சொன்ன மாதிரி அப்படியே நிக்குது. நானும் உக்காந்துட்டே இருக்கேன். எதிர் வீட்டம்மா ஜன்னல்லேர்ந்து பார்த்து சிரிக்கறாங்க. அப்புறம் திடீர்னு, யாரோ உதைச்ச மாதிரி டமார்னு பின்னாடி பாயுது."

"ஆக்சிலேட்டர மிதிச்சீங்களா?"

"போகலையேன்னு கொஞ்சம் மிதிச்சேன்."

"அத மட்டும் செய்யாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே டாக்டர்."

"கோபப்படாதீங்க மேஸ்திரி. எங்க வாசல் கதவத் தாண்டினா ரோடு. பசங்க ஸ்கூலுக்குப் போற நேரமும் அதுதான். இன்னைக்கு ஒரு சின்னப் பொண்ணோட பை பம்பர்ல உரசிடுச்சு. பைதான், வேற ஒண்ணும் இல்ல. அவ பாட்டுக்குப் போயிட்டா. எனக்குத்தான் வண்டிய விட்டு எறங்கவே முடியல." டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குளிரிலும் வியர்த்திருந்தது. "இப்ப பாருங்க, போட்ட உடனே எடுக்குது. சமர்த்தா ஆயிடுச்சு. நான்தான் பொய் சொல்ற மாதிரி இருக்கு."

பொய் இல்லை என்று மேஸ்திரிக்குத் தெரியும். சூடான வண்டி நல்ல பிள்ளை. கியர்பாக்ஸுக்குள் ரப்பர் சீல்கள் இருக்கின்றன. வளையல் மாதிரி வட்டம், அதன் ஓரத்தில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய உதடு. ஆயிலின் அழுத்தம் வெளியே போகாமல் அந்த உதடுதான் பிடித்து வைக்க வேண்டும். உதடு எங்கேயாவது மடிந்திருந்தால், குளிரில் ரப்பர் விறைத்து ஆயில் அந்த இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். அழுத்தம் ஏறுகிற வரைக்கும் கியர் பிடிக்காது. வண்டி சூடானால் ரப்பர் இளகும், உப்பும், மூடிக்கொள்ளும். அப்புறம் ஆண்டவனே வந்து பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

இந்த வண்டியை அவர் ஏற்கெனவே ஒரு முறை முழுசாகப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தார். காலைக் குளிரில் ரிவர்ஸ் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தது. ரிவர்ஸ் கியரைப் பிடித்து வைக்கிற டிரம் என்ற உருளையை மட்டும் பிரித்து வேறு சீல் போட்டுக் கொடுத்தார். இதோ, அதுவும் திரும்பி வந்து நிற்கிறது. செய்து கொடுத்த வேலை திரும்பி வருவது அந்தப் பட்டறையில் இல்லாத வழக்கம்.

"விட்டுட்டுப் போங்க டாக்டர். ராத்திரி முழுக்கப் பனியில நிக்கட்டும். காலைல நானே பார்க்கறேன்."

டாக்டர் நடந்து போனார். போகும்போது இரண்டு தடவை திரும்பிக் காரைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு லாரியின் அடியிலிருந்து அவள் தம்பி சறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்குத் தெருவில் பெயர் அவசரம். பேச்சு, நடை, சாப்பாடு எல்லாமே அவனுக்கு ஓட்டம்தான். தாடியில் வெள்ளை எட்டிப் பார்க்கிற வயசாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

"மாமா, சீல் மட்டமான சரக்கா இருக்கும். அந்தக் கடைக்காரனப் பத்தி நான் அப்பவே சொன்னேன். நான் வேணா போயி—"

"சீல் நல்ல சீல்தான் மாப்ள," என்றார் மேஸ்திரி.

சீல் நல்ல சீல் என்றால் வேறு எது கெட்டது? அந்தக் கேள்வியைத் தம்பி கேட்கவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி, தனக்குப் பதில் தெரியும் என்பதில் பெரிய பயம்.

முதலில் அவர் விரலுக்குப் பிடிபடாமல் போனது சட்டைப் பித்தான். போன வருஷக் குளிருக்கு முன்னால் இருந்தே மேஸ்திரி பித்தான் வைத்த சட்டையைத் தொடுவதில்லை. தலை வழியாக மாட்டுகிற பனியன்கள்தான். வேலைக்கு வசதி என்றார், அவளும் நம்பினாள். அப்புறம் ஒரு நாள் கடைத்தெருவில் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தார். இன்னொன்று எங்கே என்று அவள் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அதன் பிறகு கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கி வைத்தார், விரலில் தோல் வெந்து வெளுத்திருந்தது, மனிதர் டீ நன்றாக இருக்கிறது என்கிறார்.

"சுடலையாங்க?"

"சுட்டுச்சு, சுட்டுச்சு," என்றார் அவசரமாக. சுட்டுக்கொண்டவன் அப்படியா சொல்வான்.

சர்க்கரை அவருக்கு ரொம்ப நாளாக உண்டு. மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவார், வராவிட்டால் நேற்றுப் போட்டது இன்றைக்கும் வேலை செய்யும் என்பார். அவள் கெஞ்சிக் கூத்தாடி ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனதில், நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு திரும்பி வாசற்படி ஏறும்போது, "மாப்ளகிட்ட சொல்லாத," என்றார். அவ்வளவுதான். அவளும் சொல்லவில்லை. வேலைக்காரனுக்குக் கைதான் சொத்து. அந்தச் சொத்து கரைகிறது என்று தெருவுக்குத் தெரிந்தால் மறுநாள் பட்டறை வாசலில் ஈ கூட நிற்காது.

மறுநாள் காலையில் பனி கண்ணாடியில் மாவு மாதிரி படிந்திருந்தது. மூன்று பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். வாயைத் திறந்தால் புகை வந்தது. அவள் கையில் டீ. மேஸ்திரி உள்ளே இறங்கி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். பிரேக்கை அழுத்திக்கொண்டு ரிவர்ஸில் போட்டார், பிரேக்கை விட்டார்.

வண்டி நகரவில்லை.

அவசரம் காலை மாற்றி மாற்றி நின்றான். அவள் ஒரு வாய் டீ குடித்தாள், அது தொண்டையில் இறங்கி முடிந்தது. வண்டி அப்படியே நின்றது. மேஸ்திரி ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் முகத்தில் கூட அதைவிட ஏதாவது தெரியும். அப்புறம் அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். சிவப்பு வண்டி துள்ளிப் பின்னால் வந்தது, அவர் பிரேக்கை மிதித்தார்.

"அதேதான் மாமா! உள்ள ஏதோ உதடு மடிஞ்சிருக்கு!" என்று கத்தினான் அவசரம். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு. மடித்தது யார் என்று அவன் புத்திக்கு எட்டவே இல்லை. சூரியன் மேற்கே உதித்தாலும் மாமா கை தப்பு செய்யாது அவனுக்கு.

கியர்பாக்ஸை இறக்கினார்கள். அது இரண்டு ஆள் வேலை. அவசரம் அடியில் படுத்தான், மேஸ்திரி மேலிருந்து சொன்னார். ஆயிலை வடித்தபோது தட்டு நிறைய ரத்தச் சிவப்பாக இறங்கியது. அந்த ஆயிலுக்கு நிறமே அதுதான், பழகாதவர்கள் பார்த்தால் பயந்துவிடுவார்கள். கழுவுகிற வேலை அவளுடையது. டிரம், பிஸ்டன், தட்டுகள், ஸ்பிரிங் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் அலசி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாள். குளிரில் விரல் நுனிகள் ஊசி குத்துவது போல வலித்தன. இந்த வலி அவருக்கு இருக்காதே என்று நினைத்தாள். நினைத்ததும் தன் வலியின் மேலேயே அவளுக்கு ஒரு கூச்சம் வந்தது.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, நீ போயி டீ குடிச்சிட்டு வா," என்றார்.

அதுதான் சைகை. சீல் போடப்போகிறார் என்று அர்த்தம். மற்ற எந்த வேலையையும் மச்சினனிடம் கொடுப்பார், சீல் உட்கார வைப்பதை மட்டும் தர மாட்டார். பக்கத்தில் நிற்கவும் விட மாட்டார். "ஒரு டிரம்ல ரெண்டு கை பட்டா தப்பு யாரோடதுன்னு தெரியாது," என்பது அவர் சட்டம். அவசரம் வந்த புதிதில் கெஞ்சினான், கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டான், அப்புறம் அதுவும் பழகிவிட்டது. இப்போதெல்லாம் அவர் சொல்வதற்கு முன்னாலேயே டீக்கடைக்குக் கிளம்பிவிடுவான். அவளைப் போகச் சொல்வதில்லை. கழுவுகிறவள்தானே.

வெதுவெதுப்பான ஆயிலில் ஊற வைத்த சீலை எடுத்துப் பிஸ்டனில் மாட்டினார். பிஸ்டனை டிரம்முக்குள் மெதுவாக இறக்கினார். இங்கேதான் சூட்சுமம். உள்ளே கருப்பு, ரப்பரும் கருப்பு, மேலே ஆயில். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மெல்லிய தகடு ஒன்றால் உதட்டைச் சுற்றிலும் ஒதுக்கிவிட்டுக்கொண்டே, ஆட்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவ வேண்டும். விரல் சொல்வதுதான் சாட்சி. முன்பெல்லாம் அந்தச் சுற்றின்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார், தூக்கத்தில் சிரிக்கிற குழந்தை மாதிரி முகம் ஆகிவிடும். இப்போது கண் விரியத் திறந்திருந்தது. விரல் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.

"உக்காந்துடுச்சு," என்றார். அவளிடமா, டிரம்மிடமா தெரியவில்லை.

கையை வெளியே எடுத்தார். சிவப்பு ஆயில் சொட்டியது. அவள் துணியால் துடைத்துவிட்டாள். துடைத்த இடத்தில் மறுபடி சிவப்பு ஊறியது. மறுபடி துடைத்தாள், மறுபடி ஊறியது. அப்புறம்தான் தகடு கீறிய கோடு தெரிந்தது. ஆழமான வெட்டு. அவர் மறு கையால் அடுத்த ஸ்பிரிங்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வெட்டிடுச்சுங்க."

"எது?"

அவள் அவர் விரலைத் தூக்கி அவருக்கே காட்டினாள். யாருடைய விரலையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

கட்டுப் போட்டுவிட்டு, அவர் ஒரு காரியம் செய்தார். டிரம்மை உடனே வண்டியில் ஏற்றவில்லை. பட்டறையின் பின்புறம் சிமெண்ட் தரையில், திறந்த வெளியில் மூடி வைத்தார். இரவெல்லாம் குளிரட்டும், காலையில் காற்றடித்துப் பார்க்கலாம் என்றார். சூடான ரப்பரில் காற்றடித்தால் கசிவு தெரியாது. முதலிரண்டு தடவையும் அப்படித்தான் ஏமாந்திருந்தார்.

காலையில் ஆயில் போகிற துளையில் அவசரம் காற்றுக் குழாயை வைத்து அழுத்தினான். சரியாக இருந்தால் 'டக்' என்று பிஸ்டன் எழும்பி நிற்கும். 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்தது. பாம்பு கூட அவ்வளவு நேரம் சீறாது. மூன்று பேரும் கேட்டார்கள்.

"பார்த்தீங்களா? சரக்கு மட்டம்னு நான் சொன்னேன்ல?" அவசரம் குழாயை எறிந்தான். "ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கடை இருக்கு மாமா. ஒரிஜினல் வச்சிருக்கான். நான் போயி வாங்கிட்டு வந்துடறேன். நம்ம கடைக்காரன் மூஞ்சில கொண்டுபோய் இந்த சீலைத் தூக்கி எறிஞ்சுட்டுத்தான்—"

"எறியாத. வாங்கிட்டு மட்டும் வா."

"நீங்க ஏன் மாமா அவனுக்குப் பரிஞ்சு பேசறீங்க? உங்க கைக்குக் கெட்ட பேரு வருது!"

அவசரம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் பல் டாக்டர் நடந்து வந்தார். கழுத்து வரைக்கும் கம்பளி சுற்றியிருந்தார். மேஸ்திரி பின்புறம் இருந்ததால் அவளிடமே பேச்சுக் கொடுத்தார்.

"வேலை ஆயிடுச்சாம்மா?"

"ஆயிட்டே இருக்கு டாக்டர். டீ குடிக்கறீங்களா?"

"வேணாம்மா. நடக்கறதும் நல்லாத்தான் இருக்கு, தொப்பை குறையுதுன்னு வீட்ல சந்தோஷம்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் தினமும் ஊசி போட்டு ஈறை மரத்துப்போக வைக்கறவன். மரத்துப்போன உதட்டை ஜனங்க கடிச்சுக்குவாங்க, ரத்தம் வரும், அவங்களுக்கே தெரியாது. போன தடவை மேஸ்திரி சாவி குடுத்தப்ப, சாவி கீழ விழுந்துடுச்சு. அவர் குடுத்துட்டதாவே நெனைச்சுட்டு கையை நீட்டிட்டே நின்னார். அவருக்கு விரல்ல உணர்ச்சி இருக்காம்மா?"

"இருக்கே," என்றாள் அவள்.

"சர்க்கரை இருக்கா?"

"டீல கூடப் போடறதில்ல டாக்டர்."

அவர் அவளையே பார்த்தார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்ட மனிதரிடம் பொய் சொல்வது சுலபம்.

"நான் வேற எங்கயும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணு பை உரசினது என் கண்ணுலயே நிக்குது. சரியாகலைன்னா சொல்லிடுங்க. வண்டிய நான் ஷெட்ல போட்டு மூடி வச்சுக்கறேன். காரு போனா போகுது."

அவர் போன பிறகு அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் உருளைக்கிழங்கு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இறக்கி வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனாள்.

மேஸ்திரி பழைய சீலையே மாட்டி மறுபடி பிஸ்டனை இறக்கிக்கொண்டிருந்தார். புது சீல் வரும் வரைக்கும் கை சும்மா இருக்கவில்லை. கட்டுப் போட்ட விரலை விட்டுவிட்டு நடு விரலால் தடவினார். எடுத்தார். மறுபடி விட்டார். விரலை வாயில் வைத்து உறிஞ்சி, ஊதி, தொடையில் தேய்த்து, மறுபடி விட்டார். கட்டை வண்டி மாட்டை அடித்து ஓட்டுகிற மாதிரி தன் விரலையே விரட்டிக்கொண்டிருந்தார். அவளால் பார்க்க முடியவில்லை.

"நகருங்க. நான் தொட்டுப் பார்க்கறேன்."

"நீயா?"

"எனக்கு விரல் இருக்குல்ல."

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. டிரம்மை அவள் பக்கம் நகர்த்தினார். அந்த மனிதர் ஒரு சொல் எதிர்க்காமல் நகர்ந்து கொடுத்தார்.

அவள் ஆட்காட்டி விரலை உள்ளே விட்டாள். வழவழவென்று குளிர்ந்த ஆயில். சுவர். சுவரை ஒட்டி மெல்லிசாக ஒரு ஓரம்.

"மெதுவா சுத்து. அழுத்தாத. என்ன தெரியுது?"

"ஓரம் தெரியுதுங்க."

"ஒரே மாதிரி இருக்கா?"

"இருக்கு... இருக்கு... இங்க ஒரு மாதிரி இருக்கு."

"என்ன மாதிரி?"

"ஒரு மாதிரிங்க. எப்படிச் சொல்ல."

"தடிப்பா இருக்கா, கூரா இருக்கா?"

"ரெண்டும் இல்ல. கொஞ்சம்... இருங்க, இப்ப அது காணோம்."

"காணோம்னா? மடிஞ்சிருந்தா காணாம போகாது. ஆயில்ல காத்துக் குமிழா இருக்கும். மறுபடி சுத்து."

அவள் சுற்றினாள். உள்ளே இருக்கிற ஒவ்வொரு தூசும் அவள் விரலுக்குத் தெரிந்தது. எது தூசு, எது பிசிறு, எது மடிப்பு, எது ரப்பரின் இயல்பு என்றுதான் தெரியவில்லை. எல்லாமே ஏதோ ஒன்றாக இருந்தது.

"நல்லா உக்காந்திருந்தா எப்படிங்க இருக்கும்? அதச் சொல்லுங்க, நான் அது இருக்கான்னு பார்க்கறேன்."

மேஸ்திரி யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார். காற்றில் விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டினார். "நல்லா இருந்தா... விரல் கூடவே வரும். தள்ளாது, இழுக்காது. கூட வரும்."

"மடிஞ்சிருந்தா?"

"மடிஞ்சிருந்தா... கூட வராது."

"கூட வரதுன்னா எப்படிங்க?"

"அதத்தான்டி சொல்றேன்! கூட வரும்!" என்று கத்தினார். கத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு வார்த்தை இல்லடி. யாருக்கும் நான் சொன்னதில்ல. எனக்குள்ளயும் சொல்லிக்கிட்டதில்ல. விரலுக்குத் தெரியும், அவ்வளவுதான்."

அவருக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் தட்டுப்படாது. அவளுக்கு எல்லாம் தட்டுப்படும், ஒன்றும் தெரியாது. கண் இருக்கிறவர் வீட்டில் விளக்கில்லை, விளக்கு இருக்கிறவளுக்குக் கண்ணில்லை. இரண்டு பேர் சேர்ந்தும் ஒரு ஆள் ஆகவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. ஆயில் கையால் துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். விரலை மட்டும் வெளியே எடுக்கவில்லை. "இன்னொரு தடவை சுத்தறேன். நீங்க பேசாம இருங்க," என்றாள்.

அப்போதுதான் அவசரம் வந்துவிட்டான். கடை திறந்திருந்தது, சரக்கும் இருந்தது, அவனும் பறந்து வந்திருந்தான். கையில் சீல் பொட்டலம். வாசலிலேயே நின்றுவிட்டான்.

டிரம்முக்குள் அக்காவின் விரல். பக்கத்தில் மாமா.

"என்ன மாமா இது?"

அவள் விரலை வெளியே எடுத்தாள்.

"இல்ல, என்ன இதுன்னு கேக்கறேன். எத்தனை வருஷம் நான் இங்க இருக்கேன்? கல்யாணம் பண்ணி, புள்ள பெத்து, அந்தப் புள்ளயும் வேலைக்குப் போயாச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னைத் தொட விட்டிருக்கீங்களா? டீ குடிச்சிட்டு வா, டீ குடிச்சிட்டு வான்னு தொரத்தினீங்களே. நானும் போய் நின்னேனே, குடிச்ச டீயையே மறுபடி குடிச்சிட்டு! டீக்கடைக்காரன் சிரிப்பான், உங்க மாமா மந்திரம் போடறாராடான்னு. நான் அதுக்கும் சிரிச்சேன். இப்ப அக்கா கை மட்டும் படலாமா? அக்காவுக்கு ஸ்பேனர் நம்பர் தெரியுமா?"

"தம்பி, கொஞ்சம் பொறு," என்றாள் அவள்.

"நீ பேசாத அக்கா. என் மேல நம்பிக்கை இல்லன்னா சொல்லிடுங்க மாமா. நான் தப்பாத்தான் போடுவேன்னா சொல்லிடுங்க. நான் போயிடறேன்." குரல் உடைந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தான், அது கோபமில்லை என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். சொல்லாதே என்று சொன்னவர் அவர். அந்த முடிச்சை அவர்தான் அவிழ்க்க வேண்டும். இல்லையென்றால் தம்பியும் போவான், கூடப்பிறந்த உறவும் போகும், பட்டறையும் போகும். சொன்னாலும் எது நிற்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த ஆயிலைத் துணியில் நிதானமாகத் துடைத்தார்.

"உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல மாப்ள. சரக்கும் மட்டம் இல்ல. அந்தக் கடைக்காரன் பாவம்." துணியைக் கீழே வைத்தார். "உதட்டை மடிச்சது நான். மூணு தடவையும் நான்தான். எனக்கு விரல் நுனில சரியா தெரியறதில்ல. உங்க அக்காவுக்குத் தெரியும். உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் வாயக் கட்டிப் போட்டேன்."

"என்ன மாமா ஒளர்றீங்க? உங்க கைக்கா?" அவசரம் அக்காவைப் பார்த்தான். அவள் தலை குனிந்திருந்தாள். "சும்மா குளிருக்கு மரத்துப் போயிருக்கும் மாமா. எனக்கும்தான் காலைல—"

"நம்ப மாட்டியே. சரி, இங்க வா. நான் கண்ணை மூடிக்கறேன். இந்த மேஜை மேல இருக்கறதுல ஏதாவது ஒண்ண எடுத்து என் விரல் மேல வை. நட்டு, போல்ட்டு, ஸ்பிரிங்கு, எது வேணாலும். அது என்னன்னு என்னால சொல்ல முடியாது. ஏதோ இருக்குன்னுதான் தெரியும், என்னன்னு தெரியாது. அப்ப நம்புவ."

கண்ணை மூடினார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். கட்டுப் போட்ட விரலும் கட்டில்லாத விரல்களும் லேசாக விரிந்திருந்தன. அவசரம் மேஜையைப் பார்த்தான். நட்டை எடுத்தான், வைத்துவிட்டான். கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, வாங்கிவந்த புது சீலை எடுத்து, மாமாவின் வலது கை விரல்களின் மேல் மெள்ள வைத்தான்.

கருப்பு வளையம் நாலு விரல் மேலும் படிந்து கிடந்தது. மேஸ்திரியின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. புருவம் கூட அசையவில்லை.

"வை மாப்ள," என்றார்.

அவசரத்தின் வாய் திறந்தபடி இருந்தது.

"என்னடா யோசிக்கற? சின்னதா வச்சாலும் பரவால்ல, வை."

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தம்பியைப் பார்த்தாள். இரண்டு பேரில் யார் சொல்வது என்று தெரியாமல் இரண்டு பேருமே நின்றார்கள். மேஸ்திரி கண்ணைத் திறக்காமல், நீட்டிய கையை மடக்காமல், காத்துக்கொண்டிருந்தார்.